மடங்கிய விரல்கள்: எம்.ஆர்.ராதாவும் பெருநோயின் அரங்கும்

எம்.ஆர்.ராதா என்றால் கலகம். நம்முடைய விமர்சனத்தில் இந்தச் சமன்பாடு ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. தடைகள், கைதுகள், கல்வீச்சு, மேடையிலிருந்தே ஆட்சியாளர்களை வம்புக்கிழுத்த துணிச்சல் என்று அடுக்கிக்கொண்டு போகலாம். இதில் எதையும் மறுக்க நான் வரவில்லை. ஆனால் அந்தக் கலகம் யாருடைய உடம்பின் மீது ஏறி நின்று நடத்தப்பட்டது என்கிற கேள்வியை நாம் கேட்டுக்கொண்டதில்லை. காட்பாடியில் உட்கார்ந்துகொண்டு ‘ரத்தக்கண்ணீர்’ பற்றி யோசிக்கிற எனக்கு அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. இங்கிருந்து சில மைல் தூரத்தில்தான் கரிகிரி இருக்கிறது. கரிகிரி என்றால் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான்: பெருநோய் ஆஸ்பத்திரி.

ராதாவைப் போலப் பேசிக்காட்டுகிறவனைக் கவனித்துப் பாருங்கள். கல்லூரி ஆண்டு விழாவோ கோயில் திருவிழா மேடையோ, எங்கேயும் ஒரே மாதிரிதான் செய்வான். முதலில் தொண்டையை இறுக்கிக்கொள்வான். அடுத்து கையைத் தூக்கி விரல்களை உள்ளுக்கு மடக்குவான். பிறகுதான் ‘காந்தா’ என்று இழுப்பான். கூட்டம் சிரிக்கும். குரல் மட்டும் போதாது. விரல் மடங்காமல் ராதா முழுமை பெறுவதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த ஒரு நடிகரை, ஒரே ஒரு படத்தில் அவர் ஏற்ற நோயாளியின் கையை வைத்து ஒரு சமூகம் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. நடிகனின் உடம்பு போய்ச் சேர்ந்துவிட்டது, பாத்திரத்தின் கை தங்கிவிட்டது. இந்தக் கையை ஒரு குறியாக எடுத்துக்கொண்டு, அது எதையெல்லாம் குறித்தது, எதை மறைத்தது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

2

ராதா 1907இல் சென்னையில் பிறந்தவர். சிறுவயதிலேயே பாய்ஸ் கம்பெனி நாடகத்துக்குப் போனவர். பாய்ஸ் கம்பெனி என்பதை ஒரு நிறுவனமாகவே பார்க்க வேண்டும். பையன்களின் தூக்கம், சாப்பாடு, குரல், நடை அத்தனையும் வாத்தியாரின் கண்காணிப்பில் இருந்தன. குரல் உடைகிற வயது வந்தால் பல பையன்களுக்கு வாழ்க்கையே உடைந்துபோகும். பாட்டுதான் நாடகம் என்றிருந்த காலம் அது. ராதா அங்கிருந்து வெளியே வந்தபோது அவரிடம் இருந்தது பாகவதர் குரல் அல்ல. கட்டையாகத் தொடங்கிச் சட்டென்று கீச்சென்று ஏறி மறுபடியும் விழுகிற ஒரு விநோதமான குரல். பாட்டின் அரங்கில் தகுதியில்லாத அந்தக் குரலைப் பேச்சின் அரங்கில் அவர் ஆயுதமாக்கினார்.

1937இல் ‘ராஜசேகரன்’ மூலம் சினிமாவுக்கு வந்தார். சில படங்களுக்குப் பிறகு சினிமாவை விட்டுவிட்டு நாடகத்துக்கே திரும்பினார். தமிழ் நடிகர்களின் வாழ்க்கை வரலாறுகள் மேடையில் தொடங்கி வெள்ளித்திரையில் முடிகிற ஒருவழிப் பாதையாகவே எழுதப்படுகின்றன. ராதா இந்தப் பாதையில் எதிர்த்திசையில் நடந்தவர். 1940களிலும் 50களிலும் அவருடைய மேடை திராவிடர் இயக்கத்தின் மேடையும்கூட. மு.கருணாநிதியின் ‘தூக்குமேடை’யை நடத்தினார், கருணாநிதிக்குக் ‘கலைஞர்’ என்ற பட்டம் அந்த நாடகத்தை ஒட்டி ராதாவால் வந்தது. ராமாயணத்தைத் தலைகீழாக்கிய நாடகம் தடைக்கும் வழக்குக்கும் ஆளானது. அன்றைக்குக் காலையில் பத்திரிகையில் வந்த செய்தி சாயங்காலம் அவர் வசனத்தில் இருக்கும். எழுதிய பிரதியோடு போலீஸ்காரர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத நாடகம் அது. சென்னை மாநிலத்தின் நாடகச் சட்டம் 1954இல் வந்தது. ராதாவை மனதில் வைத்துத்தான் அது வந்தது என்று நாடக உலகத்தில் இன்றும் சொல்வார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகளைச் செல்லாதவை என்று அறிவிக்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 1954இல்தான் ‘ரத்தக்கண்ணீர்’ படமாக வந்தது. திருவாரூர் கே.தங்கராசு எழுதி ராதா நூற்றுக்கணக்கான ஊர்களில் நடத்திய நாடகம். இயக்கியவர்கள் கிருஷ்ணன் பஞ்சு. தயாரித்தது நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாள் முதலியார். ‘பராசக்தி’ எடுத்த அதே பெருமாள் முதலியார், எங்கள் வேலூர்க்காரர். பொங்கலுக்குப் பொங்கல் சிவாஜி கணேசன் வேலூருக்கு வந்து அவரை வணங்கிவிட்டுப் போனது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ‘ரத்தக்கண்ணீர்’ வேலூர்ப் பணத்தில் எடுக்கப்பட்ட படம் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். இதற்கு மறுபடியும் வர வேண்டியிருக்கிறது.

3

கதை எல்லோருக்கும் தெரியும். வெளிநாடு போய்வந்த பணக்காரன் மோகனசுந்தரம். ஊரை, தாயை, தாலி கட்டிய சந்திராவை எல்லாம் இளப்பமாகப் பார்க்கிறவன். காந்தா என்கிற தாசியிடம் சொத்தைக் கொட்டுகிறான். குஷ்டம் வருகிறது. காந்தா துரத்திவிடுகிறாள். பார்வையும் போய்ப் பிச்சைக்காரனாகத் திரிகிறான். கடைசியில் நண்பன் பாலுவிடம் தன் மனைவியை ஒப்படைத்து மணம் செய்துகொள்ளச் சொல்கிறான். தன்னுடைய இந்தக் கோலத்தைச் சிலையாக வைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறான், பார்க்கிறவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று.

இந்தக் கதையாடலின் எலும்புக்கூட்டைப் பிரித்துப் பாருங்கள். செய்தவன் அனுபவிக்கிறான். ஒழுக்கம் தவறினான், ஆகவே உடம்பு அழுகியது. இது எங்கிருந்து வருகிறது? கிருஷ்ணனின் மகன் சாம்பன் சாபத்தால் குஷ்டரோகியான புராணத்திலிருந்து வருகிறது. ‘என்ன பாவம் பண்ணானோ இப்படி வந்துடுச்சி’ என்கிற திண்ணைப் பேச்சிலிருந்து வருகிறது. அதாவது கர்மா. ஒரே ஒரு திருத்தம்தான் நடந்திருக்கிறது: போன ஜென்மத்துப் பாவம் இந்த ஜென்மத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. தண்டிக்கிற கடவுளைப் பகுத்தறிவு மேடை வெளியே அனுப்பிவிட்டது. ஆனால் தண்டனையை உள்ளேயே வைத்துக்கொண்டது. நீதிபதி இல்லாத நீதிமன்றம். தீர்ப்பு மட்டும் நோயாளியின் விரலில் எழுதப்பட்டிருக்கிறது.

சிலை விஷயம் இன்னும் வேடிக்கை. 1953இல் பெரியார் பிள்ளையார் சிலையை உடைக்கிறார். அடுத்த வருஷம் வந்த படத்தில், அவருடைய தளபதி மாதிரி இருந்த நடிகர் ஒரு சிலை வைக்கச் சொல்கிறார். கும்பிடுவதற்கான சிலை அல்ல, அருவருப்பதற்கான சிலை. கும்பிடும் கண்ணும் அருவருக்கும் கண்ணும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன: எதிரில் இருக்கிற உடம்பை உடம்பாகப் பார்க்காமல் வேறொன்றின் அடையாளமாகப் பார்க்கின்றன.

மருத்துவம் இதைப்பற்றி என்ன சொல்கிறது? தொழுநோய்க் கிருமியை நார்வேயில் ஹான்சன் 1873இலேயே கண்டுபிடித்துவிட்டார். அது பரம்பரை நோய் அல்ல, பாலுறவு நோயும் அல்ல. சிகிச்சை பெறாத நோயாளியோடு நீண்ட காலம் நெருங்கிப் பழகும்போது பெரும்பாலும் மூச்சுவழியாகத் தொற்றக்கூடியது. அப்படியும் பெரும்பாலோருடைய உடம்பு அதை எதிர்த்துவிடும். டாப்சோன் மாத்திரை 1940களின் கடைசியிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆக காந்தாவின் வீட்டுப் படியேறியதால் மோகனசுந்தரத்துக்கு இந்த நோய் வரவில்லை. பிரதிக்கு அது வேண்டியிருந்தது, அதனால் வந்தது. தாசியின் உடம்பை நோயின் ஊற்றாகக் காட்டுவதற்கும், மனைவியின் உடம்பை ஒரு ஆணிடமிருந்து இன்னொரு ஆணுக்குப் பாதுகாப்பாகக் கைமாற்றுவதற்கும் நடுவில் ஒரு காரணம் தேவைப்பட்டது. குஷ்டம் அந்த இடத்தை நிரப்பியது. மறுமணம் என்கிற சீர்திருத்தம் அரங்கேற வேண்டுமானால் ஒருவன் கணவனாக இருக்கும் தகுதியை இழந்தாக வேண்டுமே!

ஒப்பிட்டுப் பார்க்க ‘பாகப்பிரிவினை’ (1959) இருக்கிறது. அதிலும் ராதா உண்டு. ஆனால் விளங்காத கை சிவாஜியுடையது. விபத்தில் போன கை. ஆகவே அது அப்பாவித்தனத்தின் குறி. அந்தக் கைக்குக் காதல் கிடைக்கிறது, கல்யாணம் கிடைக்கிறது, முடிவில் குணமும் கிடைக்கிறது. மோகனசுந்தரத்தின் கை குற்றத்தின் குறி. அதற்குக் குணம் கிடையாது. ஊனத்திலும் நல்ல ஊனம், கெட்ட ஊனம் என்று தமிழ் சினிமா பாகம் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

4

இத்தோடு கட்டுரையை முடித்துவிட்டால் சுலபம். ‘ரத்தக்கண்ணீர்’ பிற்போக்கான பிரதி என்று முத்திரை குத்திவிட்டுப் போய்விடலாம். ஆனால் நாடகம் என்பது பிரதி மட்டும் இல்லை. நிகழ்த்துகிறவன் ஒருத்தன் இருக்கிறானே, அந்த ஆளு சும்மா இருக்கவில்லை.

பிரதிப்படி மோகனசுந்தரம் அழ வேண்டும். ராதா அழ மறுக்கிறார். நோய் வருவதற்கு முன்னால் அவன் பேசுகிற கேலியையும் வந்த பிற்பாடு பேசுகிற கேலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். குரல் அதேதான், நக்கல் அதேதான், இழுவை அதேதான். மாறியது இடம் மட்டுமே. முன்னால் பணக்காரன் மேலேயிருந்து ஊரைக் கேலி செய்தான். இப்போது பிச்சைக்காரன் கீழேயிருந்து ஊரைக் கேலி செய்கிறான். முதல் கேலியில் திமிர் தெரிகிறது. இரண்டாவதில் உண்மை தெரிகிறது. சமூகப் படிநிலையில் ஒருவன் கீழே விழுந்தால் அவன் வாயும் அடங்க வேண்டும் என்பது விதி. அந்த விதி இங்கே மீறப்படுகிறது. தர்மம் போடுகிறவனின் முகத்துக்கு நேராகவே தர்மத்தைக் கிண்டல் செய்கிற ஒரு இரவலனை அதற்கு முன் தமிழ் மேடை பார்த்திருக்குமா?

சி.எஸ்.ஜெயராமன் பாடிய அந்தப் பிரபலமான பாட்டையும் இப்படித்தான் கேட்க வேண்டும். பாட்டு சாஸ்திரோக்தமாகத் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டு போகிறது. ராதாவின் பேச்சு நடுவில் புகுந்து இசையின் ஒழுங்கை அறுக்கிறது. பாட்டு அவனைப் பற்றிப் பேசுகிறது, பேச்சில் அவன் தானே பேசுகிறான். பாய்ஸ் கம்பெனிக் காலத்திலிருந்து பாட்டின் முன்னால் மட்டமாக நின்ற அந்தக் குரல் பழிவாங்கிக்கொள்கிற இடம் என்றுகூட எனக்குத் தோன்றும். பக்தின் திருவிழாச் சிரிப்பு என்று எழுதியதை நம்மவர்கள் நிறைய எடுத்தாண்டிருக்கிறார்கள். புண்ணும் சீழும் பசியுமான கீழ்நிலை உடம்பு மேல்நிலை மொழியைப் பார்த்துச் சிரிப்பது அது. தமிழில் அதற்கு உதாரணம் வேண்டுமென்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

ஆகவே ‘ரத்தக்கண்ணீ’ரில் இரண்டு வேலைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நடக்கின்றன. கதை நோயாளியைத் தண்டிக்கிறது. நடிப்பு நோயாளியை அரங்கத்திலேயே மிகப் பெரிய புத்திசாலியாக்கிவிடுகிறது. கதையைக் கேட்டால் அவன் பாவி. நடிப்பைப் பார்த்தால் பாவி அவன் இல்லை, எதிரே இருக்கிறவர்கள். ராதாவின் மேதைமை இந்த முரண்பாட்டில்தான் இருக்கிறது. அவரைக் கொண்டாடுகிறவர்கள் இதில் பாதியை மட்டும்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

5

சிரித்தது யார்? இங்கேதான் காட்பாடி குறுக்கே வருகிறது.

பால் பிராண்ட் என்கிற ஆங்கிலேய எலும்பு அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் நிலையத்துக்குப் போனபோது விரல் மடங்கிய ஒரு நோயாளியின் கையைப் பிடித்துப் பார்த்தார். கை அவரை வலிக்கும்படி இறுக்கியது. அப்படியானால் இந்தக் கை செத்த கை இல்லை. சில தசைகள் பிழைத்திருக்கின்றன. அதிலிருந்து தொடங்கியது வேலை. முழங்கைப் பக்கம் ஓடுகிற நரம்பை நோய் தாக்குவதால்தான் விரல் மடங்குகிறது. பிழைத்திருக்கிற தசையின் நாணை எடுத்து வேறிடத்தில் பொருத்தினால் விரல் நிமிரும். 1940களின் கடைசியில் வேலூரில் அந்த அறுவை தொடங்கிவிட்டது. விரல் தானாக அழுகி விழுவதில்லை என்பதையும் அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் காட்டினார்கள். மரத்துப்போன கைக்குச் சூடு தெரியாது, கல் குத்தினால் தெரியாது. காயத்தின் மேல் காயம் பட்டுக் கை தேய்கிறது. அதற்கு மருந்து புண்ணியம் இல்லை, கவனம். காலுக்கு எம்.சி.ஆர். செருப்பு. செருப்பு மாவட்டம் என்று பெயரெடுத்த எங்கள் பக்கத்தில் இந்த ஒரு செருப்பைப் பற்றி யாரும் பெருமை பேசி நான் கேட்டதில்லை. 1955இல் கரிகிரியில் ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

இப்போது ஆண்டுகளைப் பக்கத்தில் வையுங்கள். வேலூர்க்காரர் ஒருவரின் பணத்தில் மடங்கிய விரலைப் பாவத்தின் குறியாக்கிய படம் 1954இல் வருகிறது. அதே வேலூரில் அதற்குச் சில வருஷம் முந்தியே மடங்கிய விரல் நிமிர்த்தப்பட்டுவிட்டது. ஒரே ஊர், இரண்டு கைகள். ஒரு கை தமிழ்நாடு பூராவும் போனது. இன்னொரு கை மருத்துவப் புத்தகங்களில் உலகம் பூராவும் போனது, ஆனால் வேலூர்க் கடைத்தெரு வரைக்கும் வந்து சேரவில்லை. பகுத்தறிவு என்று சொன்னால் இந்த இரண்டாவது கையையல்லவா மேடையேற்றியிருக்க வேண்டும்?

மிஷனரி மருத்துவம் எதையும் குறியாக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. தொழுநோயாளியைத் தொட்ட ஏசுவின் கதை அங்கே இருக்கிறது. அங்கே நோயாளி கருணையின் குறி. பாவத்தின் குறிக்குப் பதில் கருணையின் குறி. ஆனாலும் அறுவை மேசைக்கு வந்த பிறகு கை வெறும் கையாகிவிடுகிறது. நரம்பு, தசை, நாண், மூட்டு. எதற்கும் அடையாளமாக இல்லாமல் இருப்பதற்கான உரிமை அந்தக் கைக்கு அந்த மேசையில்தான் கிடைத்தது.

தீண்டாமை என்பதை நாம் சாதியோடு மட்டுமே சேர்த்து யோசித்துப் பழகியிருக்கிறோம். டேனரியில் சுண்ணாம்புத் தண்ணீரில் வேலை செய்து கை வெளுத்து உரிந்தவர்களை இந்தப் பகுதியில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தோலைத் தொடுகிறவனையும் தொடக்கூடாது, தோலில் நோய் வந்தவனையும் தொடக்கூடாது. இரண்டு விலக்குகளுக்கும் இலக்கணம் ஒன்றுதான். முதலாவதை எதிர்த்து வாழ்நாள் பூராவும் போராடிய இயக்கத்தின் மேடை, இரண்டாவதை எந்தக் கூச்சமும் இல்லாமல் உபயோகித்துக்கொண்டது. பெரியார் 1973 டிசம்பர் 24இல் உயிர்விட்டது இதே சி.எம்.சி. மருத்துவமனையில்தான். இயக்கமும் மருத்துவமும் ஒரே கட்டிலருகில் சந்தித்தன, ஆனால் அந்தக் கையைப் பற்றி இரண்டும் பேசிக்கொள்ளவே இல்லை.

6

ஃபூக்கோ தன்னுடைய பைத்தியம் பற்றிய நூலை மேற்குலகிலிருந்து தொழுநோய் மறைந்துபோனதிலிருந்துதான் தொடங்குகிறார். நோய் போய்விட்டது, ஒதுக்கும் அமைப்பு மட்டும் மிஞ்சியது, காலியான அந்த இடத்துக்குப் பைத்தியக்காரர்கள் வந்தார்கள் என்பது அவர் வாதம். அவரை நாம் மேற்கோள் காட்டுகிற வேகத்தில் அந்த முதல் வரி நமக்குப் பொருந்தாது என்பதை மறந்துவிடுகிறோம். இங்கே இடம் காலியாகவே இல்லை. ஏழைத் தொழுநோயாளியைப் பிடித்து அடைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. 1955இன் இந்து திருமணச் சட்டம் தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக ஏற்றுக்கொண்டது. மேடையில் மோகனசுந்தரம் தானே மனமுவந்து செய்ததை அடுத்த வருஷமே சட்டம் எழுதி வைத்துக்கொண்டது என்று சொல்லலாம். கூட்டு மருந்து சிகிச்சை 1980களில் வந்து நோயை முழுக்கக் குணமாக்க முடியும் என்றான பிறகும் அந்தப் பிரிவு அப்படியே கிடந்தது, 2019இல்தான் எடுத்தார்கள். 2005 முடிவில் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே போய்விட்டதென்று அரசு அறிவித்தது. எண்ணிக்கை குறைந்தது, நோய் ஒழிந்துவிடவில்லை.

இத்தனை காலமும் அந்தச் சிரிப்பு என்ன செய்துகொண்டிருந்தது? நோயில்லாத நாம் ராதாவோடு சேர்ந்து சமூகத்தைப் பார்த்துச் சிரித்தோம். சிரித்து நம்மைக் கொஞ்சம் விடுதலை செய்துகொண்டோம். அந்த விடுதலைக்கான செலவை அரங்கத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தவன் கட்டினான். அவனிடம் ராதாவின் குரல் கிடையாது. விரல் மட்டும்தான் உண்டு. தேமலில் உணர்ச்சியில்லை என்று தெரிந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மறைத்துக்கொள்கிறவன் பயப்படுவது கிருமிக்கு அல்ல, மோகனசுந்தரமாகிவிடுவோமே என்பதற்குத்தான். மறைத்துவைக்கிற மாதங்களில்தான் நரம்பு போகிறது. உருவகம் உடம்பைத் தின்கிறது என்பது இங்கே வெறும் தத்துவப் பேச்சில்லை.

ராதாவின் பிற்பகுதி வாழ்க்கை வேறு நாடகம். 1967 ஜனவரி 12, எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கு, சிறை, 1971இல் விடுதலை, மறுபடியும் மேடை, 1979இல் திருச்சியில் மரணம். அந்தத் துப்பாக்கியைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அதைவிட அந்த விரல்களைப் பற்றிப் பேசுவது அவசியம் என்று நினைக்கிறேன்.

‘ரத்தக்கண்ணீ’ரைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. ராதாவின் மகன் ராதாரவியும் அதை மேடையேற்றியிருக்கிறார். இனியும் யாராவது செய்வார்கள், செய்யட்டும். செய்கிறவர்களுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கதையின் தீர்ப்பையும் நடிகனின் சிரிப்பையும் பிரித்தெடுக்க வேண்டும். மோகனசுந்தரத்தின் கேலி நமக்கு வேண்டும், அவனுடைய சிலை வேண்டாம். ராதாவைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் இதேதான். பண்டிதர்களையும் ஆட்சியாளர்களையும் பார்த்து அவர் கேட்ட கேள்விகளை அப்படியே திருப்பி அவருடைய நாடகத்தைப் பார்த்துக் கேட்பதுதான் அவருக்குச் செய்கிற மரியாதை. கேட்டிருந்தால் அவர் நம்மைத் திட்டியிருப்பார். திட்டிவிட்டு, மறுநாள் நாடகத்தில் அதையும் ஒரு வசனமாகச் சேர்த்திருப்பார்.